ரோசென்தால் நடனக்காரியின் வலது கை

ஜெர்மனியின் நியூரம்பெர்க் பழைய நகரத்தில் வருடத்துக்கு இரண்டு முறை ட்ரெம்பெல்மார்க்ட் என்ற பழம்பொருள் சந்தை கூடும். வெள்ளிக்கிழமை சாயங்காலமே கடை விரித்துவிடுவார்கள். இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டே பொருள் தேடுவது அந்தச் சந்தையின் வழக்கம். போன செப்டம்பரில் அப்படித் தேடும்போதுதான் ஒரு வாழைப்பழ அட்டைப்பெட்டிக்குள் செய்தித்தாள் சுற்றிக் கிடந்த இந்தப் பீங்கான் நடனக்காரியைப் பார்த்தேன். 24 செ.மீ. உயரம். இடது கால் நுனியில் நின்று, வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி, பாவாடை சுழல ஆடுகிற பெண். கழுத்துவரை வெட்டின குட்டை முடி. வலது கை மட்டும் கொஞ்சம் மேலே தூக்கினாற்போல் கோணலாக இருந்தது. தோளுக்குக் கீழே பழுப்பு நிறத்தில் ஒரு வளையம்.

"கையைப் பிடிச்சுத் தூக்காதீங்க, அது எங்க பாட்டி காலத்துல ஒட்டினது" என்றார் கடைக்காரப் பெண்மணி. 18 யூரோ சொன்னார். நான் பேரம் பேசவில்லை.

கவிழ்த்துப் பார்த்தேன். மெருகுக்கு, அதாவது பீங்கானின் கண்ணாடிப் பூச்சுக்கு, அடியில் பச்சை நிற முத்திரை: கிரீடம், குறுக்காக இரண்டு ரோஜாத் தண்டுகள், கீழே ரோசென்தால் என்ற பெயர், அதன் கீழே ஊரும் மாநிலமும்: செல்ப், பவாரியா. பக்கத்தில் களியிலேயே அழுத்திய மாடல் எண், 'கே' என்ற எழுத்தோடு. ரோசென்தால் பீங்கான் நிறுவனத்தின் கலைப் பிரிவு 1910-இல் தொடங்கியது. இந்த எண் அந்தப் பிரிவின் உருவங்களுக்கு உரியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க ஆக்கிரமிப்புப் பகுதியில் செய்த பொருள்களில் 'யூ.எஸ். ஸோன்' என்று போட்டிருக்கும். இதில் அது இல்லை. குட்டை முடியையும் உடுப்பையும் சேர்த்துப் பார்த்தால் 1920-களுக்கு வந்து நிற்கிறோம்.

புதிதாகச் சேகரிக்க வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முத்திரையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஜெர்மனியின் புகழ்பெற்ற மைசென் பீங்கான் ஆலையின் குறுக்கு வாள் முத்திரையைப்போலத் தோன்றுகிற குறிகளைப் பல ஆலைகள் போட்டிருக்கின்றன. 'மேட் இன் ஜெர்மனி' என்று எழுதியிருப்பதாலேயே ஒரு பொருள் பழசாகிவிடாது. 1887-இல் பிரிட்டனும் 1890-இல் அமெரிக்காவும் கொண்டுவந்த சட்டங்களால் ஏற்றுமதிப் பொருளில் நாட்டின் பெயர் எழுதும் பழக்கம் வந்தது, இன்றுவரை தொடர்கிறது. விரலையும் முகத்தையும் பாருங்கள். நல்ல ஆலையில் வந்த உருவத்துக்கு விரல்கள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும், நகம்கூடத் தெரியும். இவளுடைய இடது கை விரல்கள் பாவாடை மடிப்பைப் பிடித்திருக்கிற விதத்தைப் பார்த்துத்தான் நான் பணத்தை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் குளியலறையில் விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச்சை அடித்தேன். ஜெர்மனியின் கடினப் பீங்கான் அந்த ஒளியில் கருநீலமும் ஊதாவும் கலந்த நிறத்தில் தெரியும். பின்னால் பூசின பெயின்ட்டும் பசையும் மஞ்சளாக, பால்போல ஒளிரும். வளையம் வெளியில் 3 மி.மீ. அகலம்தான் தெரிந்தது. டார்ச்சில் பார்த்தால் பூச்சு தோள் முழுக்கப் பரவி, முதுகுவரை வந்திருந்தது. நல்ல மெருகின் மேலேயே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பாவாடை ஓரத்தில் 6 மி.மீ. சில்லு ஒன்று பெயர்ந்திருந்தது. வலது கைச் சுண்டுவிரலின் நுனி இல்லை.

முதல் வேலை அழுக்கு. உள்ளே கூடான உருவத்தைத் தண்ணீரில் முக்கவே கூடாது. காற்று போக அடியில் விட்டிருக்கிற பொடி ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும், பிறகு வெளியே வராது. பஞ்சுக்குச்சியும் காய்ச்சி வடித்த நீரும் போதும், ஒரு லிட்டருக்கு ஒரு சொட்டு பாத்திர சோப்பு. முகத்துக்கு மட்டும் எச்சில் தொட்ட பஞ்சு. அருங்காட்சியகப் பாதுகாப்பாளர்களும் இதைச் செய்கிறார்கள். எச்சிலில் இருக்கும் நொதிகள் பழைய அழுக்கை நன்றாக இளக்கும். பாவாடை விளிம்பில் ஓடுகிற தங்கக் கோட்டை நான் தொடவே இல்லை. அந்தத் தங்கம் மெருகுக்கு மேலே, கடைசியில், குறைந்த வெப்பத்தில் சுட்டது. தேய்த்தால் போய்விடும்.

அப்புறம் பெயின்ட். ஜன்னலைத் திறந்து வைத்து, நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு, அசிட்டோன் தொட்ட பஞ்சை உருட்டினேன். தேய்க்கக் கூடாது, உருட்ட வேண்டும். மூன்றாவது குச்சியிலேயே மஞ்சள் கரைந்து வந்தது. சூளையில் சுட்ட நிறம் அசிட்டோனுக்கு அசையாது. சுடாமல் பூசின நிறமாக இருந்தால் ஆலையே அடித்தது என்றாலும் கரைந்துவிடும், அதனால் எப்போதும் கண்ணுக்குப் படாத இடத்தில் ஒரு புள்ளி சோதித்துவிட்டுத்தான் தொடங்குவேன். அரை மணி நேரத்தில் தோள் முழுக்க வெளியே வந்தது. நூறு வருஷத்து மெருகு, கீறல் இல்லாமல், ஈரமாக இருப்பதுபோல் பளபளத்தது. இதை ஏன் மூடினார்கள் என்று மனது கேட்டுக்கொண்டே இருந்தது.

வளையத்தில் இருந்த பசை அசிட்டோனுக்கு மசியவில்லை. பழுப்பு நிறம், கண்ணாடிபோல் உடைகிற தன்மை. வஜ்ஜிரம் என்று சந்தேகப்பட்டேன்; இந்தக் காலத்துப் பொருள்களை அப்போது வீட்டில் ஒட்டினவர்கள் பெரும்பாலும் தச்சுக்கு வைத்திருந்த பசையைத்தான் எடுத்தார்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் கட்டி, இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை மாற்றினேன். இரண்டு மணி நேரம் ஆனது. பசை ஊறி, மாட்டுத்தோல் வாசனை லேசாக வந்தது. கை அசைந்தது. ஆனால் கழன்று வரவில்லை.

இழுக்காமல் நிறுத்தினேன். இந்த வேலையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். மறுநாள் மறுபடி ஊறவைத்துவிட்டு, கையை நேர்க்கோட்டில், தோளிலிருந்து விலகும் திசையில் மட்டும் மெல்ல நகர்த்தினேன். கூடவே துருப்பிடித்த ஒரு கம்பி வெளியே வந்தது. தோளிலும் கையிலும் துளை போட்டு, இரும்புக் கம்பியைச் செருகி, பிளாஸ்டர் வைத்து அடைத்திருக்கிறார்கள். இரும்பு துருப்பிடித்தால் பருக்கும். பருத்த கம்பி உள்ளிருந்து நெட்டித்தள்ளி, தோளிலிருந்து முதுகு நோக்கி ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு மயிரிழை விரிசலை உண்டாக்கியிருந்தது. புற ஊதா ஒளியில் பார்த்த பூச்சு மறைத்தது இதைத்தான்.

கை உள்ளே கூடு இல்லை, முழுக்கக் கெட்டி. தோளில் மட்டும் துளை போட்ட இடத்தில் உள்ளே இருட்டு தெரிந்தது. மெல்லிய டார்ச்சை வைத்துப் பார்த்தேன். உடம்பின் உள்சுவரில், கழுத்து சேருகிற இடத்தைச் சுற்றி, களிக்கூழ் பிதுங்கி வயல் வரப்புபோல உறைந்திருந்தது. அதன் ஒரு பக்கம் தூரிகை இழுத்த கோடுகள். வெளியில் எங்கேயும் இணைப்பே தெரியாத உருவம் இது. உள்ளே மட்டும் ஒருவர் வேலை செய்த தடம் அப்படியே இருக்கிறது. நான் அந்த ஓட்டைக்குள் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது.

அந்த வரப்பு என்னவென்று சரியாகப் புரிந்துகொள்ளத்தான் அடுத்த சனிக்கிழமை ரயிலேறி செல்ப் ஊருக்குப் போனேன். செக் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊர். பழைய ரோசென்தால் ஆலைக் கட்டடத்திலேயே போர்ட்செலனிகோன் என்ற பீங்கான் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே அச்சுகளை வைத்து வேலை எப்படி நடந்தது என்று காட்டுகிறார்கள். ஓர் உருவத்தை ஒரே அச்சில் வார்ப்பதில்லை. சிற்பி செய்து கொடுத்த மாதிரியைத் தலை, கை, உடல், பாவாடை, பீடம் என்று துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தனி அச்சு எடுப்பார்கள். கயோலின், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றும் சேர்த்துக் கரைத்த களிக்கூழை அச்சில் ஊற்றினால் பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சும், ஓரத்தில் ஆடைபோலக் களி கட்டும். வேண்டிய தடிமன் வந்ததும் மீதிக் கூழைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே கூடு. துண்டுகள் முழுக்கக் காய்வதற்கு முன், அதே களிக்கூழைத் தடவி ஒன்றோடொன்று ஒட்டி, வெளியே பிதுங்கினதைத் தூரிகையால் வழித்து, இணைப்பு தெரியாமல் ஆக்குகிறவருக்கு ஜெர்மனில் போஸியரர் என்று பெயர். சிற்பியின் பெயர் பட்டியலில் இருக்கும், சில சமயம் பீடத்தில் கீறியும் இருக்கும். போஸியரரின் பெயர் எங்கேயும் இருக்காது. ஆனால் ஒவ்வொரு உருவத்தையும் கையால் கூட்டிச் சேர்த்தது அவர்தான்.

பிறகு 900 டிகிரியைத் தாண்டி ஒரு சுடு. மெருகில் முக்கி 1400 டிகிரி செல்சியஸ் அளவில் அடுத்த சுடு. இதற்குள் உருவம் ஆறில் ஒரு பங்கு சுருங்கிவிடும். என் நடனக்காரி சூளைக்குள் போகும்போது கிட்டத்தட்ட 29 செ.மீ. இருந்திருப்பாள். அந்த வெப்பத்தில் பீங்கான் இளகும், நீட்டின கை தொங்கிவிடும். அதனால் அதே களியில் முட்டுச் செய்து கைக்கு அடியில் கொடுப்பார்கள். வேறு பொருளில் கொடுத்தால் உருவம் சுருங்கும்போது முட்டு சுருங்காமல் கையைத் தூக்கிவிடும். நீட்டின கையோடு நேராக நிற்கிற ஒரு பீங்கான் உருவத்தைப் பார்க்கும்போது இனி எனக்கு அந்த முட்டுதான் ஞாபகம் வரும்.

அதே கட்டடத்தில் பிலிப் ரோசென்தாலைப் பற்றியும் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. 1879-இல் பக்கத்து எர்க்கெர்ஸ்ரொய்ட் கோட்டையில், வெள்ளைப் பீங்கானை வெளியே வாங்கி, சித்திரம் தீட்டி விற்கத் தொடங்கினவர். யூத வம்சாவளி என்ற காரணத்துக்காக 1934-இல் அவருடைய நிறுவனத்திலிருந்தே அவரை வெளியேற்றினார்கள். 1937-இல் பான் நகரில் இறந்தார். நிறுவனத்துக்கு அவருடைய பெயர் மட்டும் நிலைத்தது. என் நடனக்காரியின் அடியில் இருக்கிற பெயர் அதுதான்.

சரி, கைக்கு வருகிறேன். தோளிலும் கையிலும் இருந்த பிளாஸ்டரை ஈரப்படுத்தி ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி எடுக்க மூன்று சாயங்காலம் ஆனது. துருக்கறைக்கு, சிட்ரிக் அமிலத்தை நீர்க்கக் கரைத்து, டிஷ்யூ பேப்பர் கூழில் நனைத்து, உடைந்த பரப்பில் மட்டும் வைத்தேன். மெருகுக்கு மேலே தீட்டின நிறங்களில் அமிலம் பட்டால் அரித்துவிடும் என்பதால் சுற்றிலும் மெழுகுத்தாள் கட்டினேன். கறை பாதிக்கு மேல் போனது. மிச்சம் உள்ளேதான் இருக்கும், வெளியே தெரியாது.

எல்லாம் சுத்தமானதும் பசை இல்லாமல் கையைத் தோளில் வைத்துப் பார்த்தேன். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். கை தானாகப் போய் உட்கார்ந்தது. கோணல் இல்லை. உடைந்த பீங்கானின் இரண்டு பரப்புகளும் மேடும் பள்ளமுமாக ஒன்றுக்கொன்று பொருந்துகிறவை. அதற்கு ஒரே ஒரு இடம்தான் உண்டு. பழைய ஆள் போட்ட துளை மையத்திலிருந்து விலகியிருந்ததால், கம்பி இவ்வளவு வருஷமும் கையை அந்த இடத்துக்கு வரவிடாமல் பிடித்து வைத்திருந்தது. கை இறங்கியதும் அவளுடைய பார்வையே மாறியது. முன்பு எங்கோ மேலே பார்க்கிறவள்போல் இருந்தாள். இப்போது கண் நேராகத் தன் விரல் நுனிக்குப் போகிறது.

ஒட்ட எடுத்தது பாரலாய்ட் பி-72. அசிட்டோனில் கரைகிற அக்ரிலிக் பிசின், பாதுகாப்பாளர்கள் பல பத்தாண்டுகளாக நம்புகிற பொருள். எத்தனை வருஷம் கழித்தும் அசிட்டோனில் திரும்பக் கரையும். கடையில் கிடைக்கிற உடனடிப் பசை வேண்டாம். கை உட்காருவதற்குள் இறுகிவிடும், ஒரு இழை விலகினாலும் சரிசெய்ய நேரம் தராது. இரண்டு பாகம் கலந்து ஒட்டுகிற எபாக்ஸி நல்ல வலிமை, மெல்லிய இணைப்பு. ஆனால் சில கிராம் எடையுள்ள கைக்கு அவ்வளவு வலிமை தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: பாரலாய்ட் 40 டிகிரி வாக்கில் இளக ஆரம்பிக்கும். நியூரம்பெர்கில் பிரச்சினை இல்லை. மதுரையில் மே மாதம் வெயில் விழுகிற ஷோகேஸில் வைப்பதாக இருந்தால் நான் எபாக்ஸிக்குத்தான் போவேன்.

அதற்கு முன்னால் மயிரிழை விரிசலைக் கட்ட வேண்டியிருந்தது. அங்கே பாரலாய்ட் நுழையாது. தண்ணீர்போல் ஓடுகிற அரால்டைட் 2020 என்ற எபாக்ஸியை எடுத்தேன். எடையில் பிசின் 100-க்குக் கெட்டிப்படுத்தி 30 என்ற கணக்கு; நகைத் தராசில் நிறுத்தேன். தோளைத் தலைமுடி உலர்த்தியால் லேசாகச் சூடாக்கி, ஊசி முனையில் ஒரு சொட்டு வைத்ததும் விரிசல் அதைக் குடித்தது. கோடு கண்ணெதிரே மங்கியது. இது இனி எளிதில் பிரியாது. எனக்கு அதில் தயக்கம் இருந்தது. ஆனாலும் கை தாங்குகிற இடத்தில் விரிசலை அப்படியே விட முடியாது என்று முடிவு செய்தேன்.

இரண்டு நாள் கழித்து ஒட்டினேன். பச்சரிசி நிரப்பின துணிப்பையில் அவளைப் படுக்கவைத்து, கையின் எடை நேராகத் தோளின் மேல் விழுகிற மாதிரி சாய்த்தேன். உடைந்த ஒரு பரப்பில் மட்டும் மெல்லிசாகப் பசை, வைத்து அழுத்தி, இரண்டு நிமிஷம் அசையாமல் பிடித்தேன். காலையில் கண்ணை மூடிக்கொண்டு நகத்தை இணைப்பின் குறுக்கே ஓட்டினேன். நகம் தட்டியது. அக்குள் பக்கம் ஒரு இழை ஏற்றம். கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தெரிந்தது. பசை தடித்துவிட்டிருக்கிறது. அசிட்டோன் பஞ்சைச் சுற்றி அரை மணி நேரம் வைத்தேன், கை சுத்தமாகக் கழன்றது. கரைசலில் இன்னும் கொஞ்சம் அசிட்டோன் சேர்த்து மறுபடி. இந்த முறை நகம் வழுக்கிக்கொண்டு போனது.

பாவாடைச் சில்லை மில்லிபுட் வெள்ளை எபாக்ஸி மாவு வைத்து நிரப்பினேன். துடைக்கும்போது துணி சிக்குகிற இடம் அது. விட்டால் இன்னும் பெயரும். நீர் தொட்ட உப்புத்தாளில் தேய்க்கும்போது பக்கத்து மெருகும் மங்கும் என்பதை உடைந்த ஒரு சாசரில் முன்பே செய்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதனால் சுற்றிலும் டேப் ஒட்டி, கடைசி மட்டத்தை, மிக நயமாகத் தேய்க்கிற மைக்ரோ மெஷ் துணியால் முடித்தேன். நிறம்தான் அதிக நேரம் வாங்கியது. பீங்கானை வெள்ளை என்று சொல்கிறோம், டைட்டானியம் வெள்ளையைப் பக்கத்தில் வைத்தால் அது சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது. ரோசென்தால் பீங்கானில் நீலமும் சாம்பலும் ஒளிந்திருக்கிறது. வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில், அல்ட்ராமரின் ஒரு துளி, கறுப்பு அதிலும் பாதி, பழுப்பு ஊசி முனை அளவு என்று ஒன்பது கலவை போட்டேன். ஏழாவது பொருந்தியது. பூசினது நிரப்பின இடத்தில் மட்டும். அசல் மெருகின் மேல் ஒரு தூரிகை இழுப்புகூட இல்லை.

அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். தோளில் இன்னும் ஒரு மெல்லிய கோடு தெரிகிறது. "அதையும் பெயின்ட் அடிச்சு மறைச்சிடேன்டி, யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள். கொலுப் பொம்மைக்கு வருஷா வருஷம் மூக்கும் கண்ணும் எழுதுகிற கை அவளுடையது. களிமண் பொம்மைக்கு அது சரி, அது திரும்பத் திரும்பப் பூசி வாழ்கிற பொருள். இங்கே பெயின்ட் அடித்தால் ஐந்தாறு வருஷத்தில் மஞ்சளாகும், பிறகு அதை மறைக்க இன்னும் அகலமாகப் பூச வேண்டிவரும். நான் சந்தையில் வாங்கினது அப்படி வளர்ந்த வளையத்தைத்தான். அதோடு, என் கையைவிட்டு இவள் வேறு யாரிடமாவது போகும்போது, உடைந்து ஒட்டினது என்பது அவருக்குப் பார்த்ததும் தெரிய வேண்டும். சுண்டுவிரல் நுனியையும் செய்யவில்லை. அந்த விரல் வளைந்திருந்ததா, நிமிர்ந்திருந்ததா என்று என் கற்பனையில் முடிவுகட்ட எனக்கு மனம் வரவில்லை.

துருப்பிடித்த கம்பியை ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். கூடவே அமிலமில்லாத தாளில் பென்சிலால் எழுதின ஒரு சீட்டு, ஜெர்மனிலும் தமிழிலும்: வலது கை பாரலாய்ட் பி-72, அசிட்டோனில் கரையும். தோள் விரிசல் அரால்டைட் 2020. பாவாடை ஓரம் மில்லிபுட், அக்ரிலிக் நிறம். உள்ளே கம்பி இல்லை.